தூளியில் உட்கார்ந்து நிமிர முடியுமா? வீல்சேருக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவே ஒரு பழைய கதை

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது படிங்க. உங்க வீட்டிலோ தெருவிலோ வீல்சேரில் உட்கார்ற ஒருத்தர் இருந்தா, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

போன வாரம் எங்க ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு ஒரு தம்பி வந்தார். வயசு 27. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். தண்டுவடத்தில் அடி. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை.

வந்தது காய்ச்சலுக்கு. ஆனா அவர் உட்கார்ந்திருந்த விதம்தான் முதலில் கண்ணில் பட்டது. வலது முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றி, உடம்பு மொத்தமும் வலது பக்கம் சாய்ஞ்சு, முதுகு கூனி, தாடை முன்னாடி நீட்டிக்கிட்டு இருந்தார்.

பின்னாடி நின்ன அம்மா ஆரம்பிச்சாங்க. "டாக்டரம்மா, நீங்களாவது சொல்லுங்க. நிமிர்ந்து உக்காருடான்னு தெனமும் கத்துறேன். காதுலயே வாங்க மாட்டேங்கிறான்."

படுக்க வெச்சுத் திருப்பிப் பார்த்தோம். வலது பிட்டத்தில், உட்கார்ற எலும்புக்கு நேரா, விரல் நுழையுற ஆழத்துக்குப் புண். காய்ச்சல் அங்கிருந்துதான். எக்ஸ்ரே எடுத்தா முதுகுத்தண்டு ஒரு பக்கமா வில் மாதிரி வளைஞ்சிருக்கு.

அவர் கொண்டுவந்த ஃபைலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்துச்சு. கடைசி வரி, "வீல்சேர் உபயோகிக்கவும்". கையெழுத்து யாரோடதுன்னு பார்த்தேன். என்னோடது.

அவ்ளோதான் எழுதியிருந்தேன். என்ன அளவு, என்ன குஷன், கால் எந்த உயரத்தில் இருக்கணும், எதுவும் இல்லை. மாத்திரைன்னா 500 மில்லிகிராமா 650-ஆ, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எழுதுற நான், ஒருத்தர் தினமும் பத்து மணி நேரம் உட்காரப் போற பொருளுக்கு ஒரே வார்த்தை எழுதி அனுப்பியிருக்கேன். அஞ்சரை வருஷ எம்.பி.பி.எஸ். படிப்பில் வீல்சேர் பத்தி ஒரு வகுப்பு நடந்ததா எனக்கு ஞாபகமும் இல்லை.

அன்னிக்கு ராத்திரி டூட்டியில் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க இது ஒரு பெரிய வரலாறுன்னு தெரிஞ்சுது. அதைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்றேன்.

*

முதலில் ஒரு கசப்பான உண்மை. மனித வரலாற்றின் பெரும்பகுதியில் தண்டுவடம் அடிபட்டவங்க எப்படி உட்காரணும்ங்கிற கேள்வியே எழலை. ஏன்னா யாரும் உட்கார்ற அளவுக்கு உயிரோட இருக்கலை.

கி.மு. 1600 வாக்கில் எகிப்தில் எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ் சுருள் இருக்கு. எட்வின் ஸ்மித் பாப்பிரஸ்னு பேர். அதைவிடப் பழைய ஒரு நூலின் பிரதின்னு சொல்றாங்க. அதில் 48 கேஸ்கள். அதில் ஒண்ணு கழுத்தெலும்பு நழுவினவரைப் பத்தினது. கைகால் உணர்ச்சி இல்லாததையும், தன்னையறியாம சிறுநீர் சொட்டுறதையும் அன்னிக்கே கவனிச்சு எழுதியிருக்காங்க. முடிவா, இது வைத்தியம் பார்க்கக்கூடிய வகையில் சேராதுன்னு ஒதுக்கிட்டாங்க.

அடுத்த மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் செஞ்சதும் கிட்டத்தட்ட அதேதான். முதல் உலகப் போர் வரைக்கும் இந்த நோயாளிகளில் பெரும்பாலானவங்க சில வாரத்தில், மாசத்தில் இறந்துட்டாங்க. கொன்னது தண்டுவடக் காயம் இல்லை. படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்ப்பையிலும் ஏறின கிருமி.

1917. இப்போ போலந்தில் இருக்கிற, அப்போ ஜெர்மனிகிட்ட இருந்த ஒரு சுரங்க ஊர். அங்கே இருந்த ஆஸ்பத்திரியில் உதவியாளா இருந்த 18 வயசுப் பையன் ஒருத்தன். ஒரு நாள் திடகாத்திரமான இளம் நிலக்கரித் தொழிலாளியைத் தூக்கிட்டு வர்றாங்க. முதுகெலும்பு முறிவு. பையன் ஆர்வமா கேஸ் குறிப்பு எழுதப் போக, ரொம்ப மெனக்கெடாதே, சில வாரத்தில் போயிடுவான்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்கார். சொன்ன மாதிரியே அஞ்சு வாரத்தில் அந்தத் தொழிலாளி இறந்துட்டார்.

அந்தப் பையன் பேர் லுட்விக் குட்மன். அந்தக் காட்சியை வாழ்நாள் முழுக்க அவர் மறக்கலை. நரம்பியல் டாக்டரானார். யூதர்ங்கிறதால நாஜிகளிடமிருந்து தப்பி 1939-ல் குடும்பத்தோட இங்கிலாந்து வந்தார்.

1944-ல் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகள் இறங்கப் போற நேரம். தண்டுவடக் காயத்தோட நிறையப் பேர் வருவாங்கன்னு பிரிட்டிஷ் அரசுக்குத் தெரியும். ஸ்டோக் மாண்டவில்ங்கிற ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு தனி வார்டு ஆரம்பிச்சு, பிப்ரவரி 1-ஆம் தேதி குட்மன் கையில் கொடுத்தாங்க. வேற யாரும் போட்டி போட்ட வேலை இல்லை அது. இந்த நோயாளிகளை வெச்சு என்ன பண்ண முடியும்னுதான் பலரும் நினைச்சாங்க.

குட்மன் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கலை. நோயாளிகளைப் போட்டு வெச்சிருந்த மாவுக்கட்டுப் படுக்கைகளைத் தூக்கிப் போடச் சொன்னார். ராத்திரி பகல் பாராம ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும்னார். நடுராத்திரி அவரே வார்டுக்கு வந்து, திருப்பியாச்சான்னு பார்ப்பாராம். ஸ்டாஃப் நர்ஸ்கள் என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு எனக்கு நல்லாவே புரியுது. ஆனா புண்கள் ஆற ஆரம்பிச்சுது. ஆட்கள் பிழைச்சாங்க.

பிழைச்சவங்களை அடுத்து உட்கார வைக்கணும். இங்கதான் நம்ம கதை ஆரம்பிக்குது.

*

நெஞ்சளவில் தண்டுவடம் அடிபட்டவருக்கு வயிற்றுத் தசையும் கீழ்முதுகுத் தசையும் வேலை செய்யாது. உட்கார வெச்சா, நட்டு வெச்ச கம்பு மாதிரி எந்தப் பக்கம் வேணா விழுவார். போதாததுக்கு, தான் சாய்ஞ்சிருக்கோமா நேரா இருக்கோமாங்கிற தகவலே இடுப்பிலிருந்து மூளைக்கு வராது. கண்ணை மூடினா முடிஞ்சுது கதை.

குட்மன் ரெண்டு விஷயத்தைப் பிடிச்சார். ஒண்ணு கண்ணாடி. நோயாளியை ஆளுயரக் கண்ணாடி முன்னாடி உட்கார வைப்பாங்க. உடம்பு சொல்லாததைக் கண் சொல்லும். சாய்ஞ்சா தெரியும், சரிசெய்வார். தினமும் செய்யச் செய்ய, கொஞ்ச நாளில் கண்ணாடி இல்லாமலே உட்கார்வார்.

அது எப்படிங்கிறதுதான் ரெண்டாவது. நம்ம முதுகில் லாட்டிசிமஸ் டார்சைனு ஒரு அகலமான தசை இருக்கு. அக்குளுக்குப் பின்னாடி கையை வெச்சு அழுத்தினா கெட்டியாத் தெரியும் பாருங்க, அதுதான். கைமேலெலும்பில் ஆரம்பிச்சு, முதுகெல்லாம் பரவி, கீழே இடுப்பெலும்பு விளிம்பு வரைக்கும் போகும். அதுக்கான நரம்பு மட்டும் கழுத்திலிருந்து வருது. அதனால நெஞ்சளவில் தண்டுவடம் அறுந்தவருக்கும் இந்தத் தசை உயிரோட இருக்கும். அணைஞ்சு போன வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்த மாதிரி. செயலற்ற இடுப்பை, செயலுள்ள தோளோட கட்டுற ஒரே பாலம் அது. குட்மன் அதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்.

அந்தத் தசைக்கும் தோளுக்கும் நல்ல வேலை கொடுக்கிற விளையாட்டு எது? வில்வித்தை.

1948 ஜூலை 29. லண்டனில் ஒலிம்பிக் தொடங்கின அதே நாள். ஸ்டோக் மாண்டவில் புல்வெளியில் வீல்சேரில் உட்கார்ந்த 16 பேர், அதில் 2 பேர் பெண்கள், வில் எடுத்து நின்னாங்கன்னு எழுத வந்துட்டேன், உட்கார்ந்தாங்க. 1952-ல் நெதர்லாந்திலிருந்து ஒரு அணி வந்துது. 1960-ல் ரோம் நகரத்தில் 23 நாடுகளிலிருந்து 400 பேர். இன்னிக்கு நாம டிவியில் பார்க்கிற பாராலிம்பிக். நம்ம மாரியப்பன் தங்கம் வாங்கினபோது சேலம் கொண்டாடுச்சே, அதோட வேர், ஒரு ஆஸ்பத்திரிப் புல்வெளியில் நேரா உட்காரப் பழகின ஆட்கள்கிட்ட இருக்கு.

*

சரி, உட்கார்றாங்க. எதில்?

சக்கரம் வெச்ச நாற்காலி ரொம்பப் பழசு. ஸ்பெயின் ராஜா ரெண்டாம் பிலிப்புக்கு 1595-லேயே ஒண்ணு இருந்துச்சு. 1655-ல் ஜெர்மனியில் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர்ங்கிற, நடக்க முடியாத கடிகாரக்காரர், கையால் சுத்தி ஓட்டுற மூணு சக்கர வண்டியைத் தனக்காகவே செஞ்சுக்கிட்டார். நம்ம ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்க்கிற கைமிதி வண்டிக்குக் கொள்ளுத் தாத்தா. ஆனா பொதுவா வீல்சேர்னா யாரோ தள்ள, யாரோ உட்கார்ற மரச் சாமான்தான்.

மாற்றினது ஹெர்பர்ட் எவரெஸ்ட்டும் ஹாரி ஜென்னிங்ஸும். எவரெஸ்ட் அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர். 1918-ல் சுரங்க விபத்தில் முதுகு முறிஞ்சவர். அவருக்கு வேண்டியது காருக்குள்ள மடிச்சுப் போடக்கூடிய நாற்காலி. நண்பர் ஜென்னிங்ஸும் பொறியாளர். ரெண்டு பேரும் சேர்ந்து இரும்புக் குழாயில் ஒண்ணு செஞ்சாங்க. 1933-ல் கம்பெனியே ஆரம்பிச்சாங்க.

ரகசியம் சீட்டுக்குக் கீழே. எக்ஸ் வடிவில் ரெண்டு குழாய், நடுவில் ஒரு போல்ட். சீட்டை நடுவில் பிடிச்சுத் தூக்கினா கத்தரிக்கோல் மாதிரி மடங்கும். நம்ம ஆஸ்பத்திரி வராண்டாவில் இன்னிக்கும் நிக்குதே, அதே டிசைன்தான். தொண்ணூறு வருஷம் ஆகுது.

மடங்கணும்னா சீட்டில் பலகை போட முடியாது. துணியோ ரெக்சினோதான் போடணும். முதுகுக்கும் அதேதான்.

இந்த ஒரு சமரசம்தான் எத்தனையோ கோடி முதுகுகளை வளைச்சுது. எவரெஸ்ட்டைக் குத்தம் சொல்லலை. அவர் கேட்டது காரில் ஏத்துற நாற்காலி, அது கிடைச்சுது. அதனால கிடைச்ச சுதந்திரமும் பெருசு. ஆனா கொஞ்ச நேரம் வேற இடத்துக்குப் போகச் செஞ்ச நாற்காலியில், ஆட்கள் வாழவே ஆரம்பிச்சுட்டாங்க.

ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து பாருங்க. நேரா உட்காரலாம், வெத்தலை மடிக்கலாம். இப்போ அதே உத்தரத்தில் சேலையில் கட்டின தூளியில் உட்கார்ந்து பாருங்க. நிமிர முடியுதா? முடியாது. நடுவில் தொங்கும். ரெண்டு தொடையும் உள்பக்கமாச் சரியும். முதுகு உருண்டுக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தா, அந்தப் பக்கமே உருட்டிக்கிட்டுப் போகும்.

துணி சீட் போட்ட வீல்சேர் ஒரு தூளி. புதுசா இருக்கும்போது கொஞ்சம் இறுக்கமா இருக்கும். ஆறு மாசத்தில் தொங்கிடும்.

நம்ம இடுப்பெலும்பு ஒரு கிண்ணம். அடியில் ரெண்டு முட்டு, ராக்கிங் சேர் அடிக்கட்டை மாதிரி உருண்டையா இருக்கும். அதுங்க மேலதான் உட்கார்றோம். அந்தக் கிண்ணத்தின் மேல்தான் முதுகுத்தண்டு நிக்குது. கிண்ணம் எப்படியோ முதுகு அப்படி. பின்னாடி உருண்டா முதுகு கூனும், நெஞ்சுக்கூடு அழுங்கும், மூச்சு ஆழமா எடுக்க முடியாது, இருமிச் சளியைத் துப்ப முடியாது. தலை தரையைப் பார்க்கும். நம்மைப் பார்க்கணும்னா கழுத்தை முறிச்சு நிமிரணும். அதான் தாடை முன்னாடி வருது. ஒரு பக்கம் சாய்ஞ்சா முதுகு பக்கவாட்டில் வளையும். முழு எடையும் ஒரே முட்டில் இறங்கும். அங்க புண் வரும். எங்க தம்பிக்கு வலது பக்கம்.

இன்னொண்ணு. அவர் கூனி உட்கார்றது சோம்பேறித்தனம் இல்லை. வயிற்றுத் தசை வேலை செய்யாதவர் நிமிர்ந்தா முன்னாடி விழுவார். ரெண்டு கையையும் விட்டுச் சாப்பிடணும், போன் பேசணும்னா விழாம இருக்க அவர் உடம்பு கண்டுபிடிச்ச வழி அது. இடுப்பைப் பின்னாடி உருட்டி, முதுகை வளைச்சு, பேக்ரெஸ்ட்டில் தொங்குறது. கீழே தூளியைக் கொடுத்துட்டு நிமிர்ந்து உக்காருன்னு கத்தினா என்ன நியாயம்? அம்மாகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவங்க எதுவும் பேசலை.

குழந்தைகளுக்கு இது இன்னும் மோசம். எலும்பு வளர்ற வயசில் தண்டுவடம் அடிபட்டா, பெரும்பாலானவங்களுக்கு வளர்ச்சி முடியுறதுக்குள்ள முதுகு வளைஞ்சுடும். போலியோ வந்த குழந்தைகளின் வளைஞ்ச முதுகைப் பார்த்துப் பார்த்துத்தான் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் 1950-களில் முதுகுக்குள் உலோகக் கம்பி வெச்சு நிமிர்த்துற ஆபரேஷனைக் கொண்டுவந்தார். அது தனி இழைக்கான கதை.

நிமிர்ந்து உட்கார்றதுன்னா இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூணும் 90 டிகிரிங்கிற பாடமும் எல்லாருக்கும் வேதவாக்கு இல்லை. 1953-ல் கீகன்ங்கிற அமெரிக்க நரம்பறுவை மருத்துவர் வெவ்வேறு நிலைகளில் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். தொடையை 90 டிகிரிக்கு மடக்கும்போதே கீழ்முதுகின் இயற்கையான உள்வளைவு தட்டையாகிடுது. 1960-களில் ஸ்வீடனின் நாச்செம்சன் முதுகு டிஸ்க்குக்குள்ளேயே ஊசி வெச்சு அழுத்தம் அளந்தார். சாய்மானம் இல்லாம உட்கார்றதில், நிக்கிறதைவிட அழுத்தம் அதிகம். ஆக, உட்கார்றதே முதுகுக்கு ஒரு வேலைதான். கால் நல்லா இருக்கிற நமக்கும்.

*

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் பால் பிராண்ட். மிஷனரி குடும்பம். லண்டனில் அறுவை மருத்துவம் படிச்சுட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுதுன்னு உலகமே நம்பின காலம். பிராண்ட் உட்கார்ந்து கவனிச்சார். கிருமி சதையைத் தின்னலை. வலி தெரியலை, அதனால சுடுறதும் வெட்டுறதும் அழுத்துறதும் தெரியலை. புண் அப்படித்தான் வருதுன்னு காட்டினார்.

சினிமா தியேட்டரில் உங்களை நீங்களே கவனிங்க. சில நிமிஷத்துக்கு ஒருமுறை இடம் மாறி, கால் மாத்தி, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி உட்கார்வீங்க. உங்களுக்கே தெரியாது. உள்ளே லேசா வலிச்சுச் சொல்றதால நடக்குது. தண்டுவடம் அறுந்தவருக்கு அந்தச் செய்தி வராது. 1959-ல் கோசியாக்ங்கிற அமெரிக்க டாக்டர் நாய்களில் சோதனை செஞ்சு கணக்கைத் தெளிவாக்கினார். அதிக அழுத்தம் கொஞ்ச நேரம், குறைஞ்ச அழுத்தம் நிறைய நேரம், ரெண்டும் சதையைச் சாகடிக்கும்.

அந்தப் பிராண்டோட வேலை செஞ்ச ஒரு இளம் டாக்டர், மேரி வர்கீஸ். கொச்சிக்காரர். 1954-ல் சக டாக்டர்களோட போன வண்டி கவிழ்ந்துது. முகம் கிழிஞ்சுது. தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயல் போச்சு.

பிராண்ட் அவரை ஒரு விஷயம் யோசிக்க வெச்சார். கை ஆபரேஷன் உட்கார்ந்துதானே செய்யறோம்? மேரி வீல்சேரில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். மணிக்கணக்கில். மேலுடம்பு ஆடாம, ரெண்டு கையும் சுதந்திரமா, கத்தி பிடிச்சபடி உட்கார்றதுன்னா என்னன்னு மேல சொன்ன உடற்கூறியலை வெச்சு யோசிச்சுப் பாருங்க. எனக்கு அதைப் படிச்சப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் ரெண்டு மணி நேரம் சிசேரியனில் நின்னாலே முதுகு வலின்னு புலம்புறவ.

அப்புறம் ஆஸ்திரேலியாவின் பெர்த், அங்கிருந்து நியூயார்க்னு போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டுத் திரும்பி வேலூரிலேயே அந்தத் துறையை உருவாக்கினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், கழுத்தளவு செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். நம்ம மாநிலத்தில் இந்தக் கதைக்கு ஆள் பஞ்சமே இல்லை. என்னை மாதிரி சாதா அரசு டாக்டர் கையெழுத்துக்கு அது வந்து சேரலைங்கிறதுதான் வருத்தம்.

*

நாற்காலி எப்போ மாறுச்சு? உட்கார்ந்தவங்க கோபப்பட்டப்போ.

1978-ல் கலிபோர்னியாவில் மர்லின் ஹாமில்டன்ங்கிற பெண் ஹேங் கிளைடரில் பறக்கும்போது விழுந்து கால்கள் செயலிழந்தார். கொடுத்த இரும்பு நாற்காலி அவருக்குப் பிடிக்கலை. கிளைடர் செய்யற ரெண்டு நண்பர்கள்கிட்ட, உங்க அலுமினியக் குழாயில் எனக்கு ஒண்ணு செஞ்சு கொடுங்கன்னார். வந்துது, சுமார் 12 கிலோவில். பழசில் கிட்டத்தட்ட பாதி எடை. மூணு பேரும் கம்பெனி ஆரம்பிச்சு, குவிக்கின்னு பேர் வெச்சு, கண்ணைப் பறிக்கிற கலரில் வித்தாங்க. அவரே வீல்சேர் டென்னிஸில் சாம்பியனானார்.

எடை குறைஞ்சது மட்டும் இல்லை. மடங்காத சட்டம் வந்ததால சீட்டை ஆளுக்கேத்த மாதிரி வைக்க முடிஞ்சுது. சீட்டின் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்த்தினா இடுப்பு பின்னாடி போய்ப் பொருந்தி உட்காரும், வழுக்கி முன்னாடி வராது. சக்கரத்தின் அச்சைக் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்தா தோளுக்கு வலி குறையும். 1970-களில்தான் ராபர்ட் கிரேப்ங்கிற பொறியாளர் காற்றுக் குமிழ்கள் கோத்த ரோஹோ குஷனையும் கொண்டுவந்தார். உடம்பு எங்க அழுத்துதோ அங்க காற்று விலகிக்கொடுக்கும்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதைன்னு தோணும். ரால்ஃப் ஹாட்ச்கிஸ்னு ஒரு பொறியாளர், 1966-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் செயலிழந்தவர். 1980-ல் நிகராகுவா போனவர், அங்க வீல்சேர் ஆட்களே உள்ளூர்ப் பட்டறையில் நாற்காலி செய்யறதைப் பார்த்து, மண் ரோட்டுக்கான டிசைன்களை அவங்களோட சேர்ந்து உருவாக்கினார். காப்புரிமை வெச்சுக்கலை. உள்ளூர் வெல்டர் செய்யணும், உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் ரிப்பேர் பார்க்கணும்ங்கிறதுதான் அவர் கட்சி.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் வசதி குறைஞ்ச இடங்களுக்குன்னே வீல்சேர் வழிகாட்டுதல் வெளியிட்டுது. எட்டுப் படி சொல்றாங்க. பரிந்துரை, ஆளைப் பரிசோதிக்கிறது, அளவோட எழுதிக் கொடுக்கிறது, பணம் ஏற்பாடு, நாற்காலியைத் தயார் பண்றது, உட்கார வெச்சுப் பொருத்திப் பார்க்கிறது, பயிற்சி, அப்புறம் தொடர்ந்து கவனிச்சு ரிப்பேர் பார்க்கிறது. நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது முதல் படி. அதையும் அரைகுறையா. அதுக்கப்புறம் ஏதோ ஒரு முகாமில் வரிசையில் உட்கார வெச்சு, 18 இஞ்ச் சீட்டில் ஒண்ணு கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க.

*

உங்க வீட்டில் வீல்சேர் இருந்தா, இன்னிக்குச் சாயங்காலமே பார்க்கக்கூடியது சில இருக்கு.

சீட்டுத் துணி தொங்குதான்னு பாருங்க. தொங்கினா சீட் அளவுக்கு ஒரு பிளைவுட் வெட்டி, நகராதபடி பொருத்தி, அதுக்கு மேல நல்ல ஃபோம் குஷன் போடுங்க. வெறும் பலகையில் உட்காரவே கூடாது. குஷனுக்கும் பலகைக்கும் நடுவே, உட்கார்ற எலும்புக்கு நேரா கையை விட்டுப் பாருங்க. எலும்பு கையில் இடிச்சா அந்த குஷன் செத்துப்போச்சு, மாத்துங்க. நடுவில் ஓட்டை இருக்கிற காற்று வளையம் வேணாம். ஓட்டையைச் சுத்தி ரத்த ஓட்டத்தை அழுத்திக் கெடுக்கும்.

அகலம், ஆளோட இடுப்புக்குச் சரியா இருக்கணும். வளர்ற பையனுக்கு எடுக்கிற யூனிஃபார்ம் மாதிரி ரெண்டு சைஸ் பெருசா எடுக்காதீங்க. அகலமா இருந்தா ஒரு பக்கம் சாய்வார். நீளம், முழங்கால் மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே ரெண்டு விரல் இடம் இருந்தா போதும். அதைவிட நீளமா இருந்தா இடுப்பு பின்னாடி போய் ஒட்டாது, கூன் விழும். ஃபுட்ரெஸ்ட் ரொம்ப உயரமா இருந்தா முழங்கால் மேலே ஏறி எடை முழுக்க பிட்டத்துக்கு வரும். தாழ்வா இருந்தா ஆள் முன்னாடி வழுக்குவார். தொடை முழுக்க குஷனில் படியணும்.

எடையை மாத்துறது பத்தி ஒரு விஷயம். கையை ஊன்றி உடம்பைத் தூக்குறதைத்தான் ரொம்ப நாளாச் சொல்லிக்கொடுத்தோம். ஸ்டோக் மாண்டவில்லிலிருந்தே 2003-ல் வந்த ஒரு ஆய்வில், அழுத்தின சதைக்கு ஆக்சிஜன் பழையபடி திரும்பக் கிட்டத்தட்ட 2 நிமிஷம் ஆகுதுன்னு பார்த்தாங்க. ரெண்டு நிமிஷம் யார் கையில் தூக்கிட்டு நிக்க முடியும்? தோள்தான் போகும். அதுக்குப் பதிலா முன்னாடி குனிஞ்சு மேசையிலோ கட்டிலிலோ நெஞ்சைச் சாய்க்கிறது, இல்லைன்னா ஒரு பக்கம் நல்லா சாய்ஞ்சு, அப்புறம் மறுபக்கம். அரை மணிக்கு ஒருமுறையாவது. போனில் அலாரம் வெச்சுக்கலாம். விழுந்துடாம ஒருத்தர் கூட இருக்கணும்.

ஏற்கெனவே முதுகு வளைஞ்சிருந்தா நீங்களே தலைகாணி சொருகி நிமிர்த்தப் பார்க்காதீங்க. படுக்க வெச்சா நேராகுதா, அப்பவும் வளைஞ்சே இருக்கான்னு பிசியோதெரபிஸ்ட் பார்க்கணும். நேராகுற முதுகுக்கு முட்டுக் கொடுக்கலாம். இறுகிப்போன முதுகுக்கு நாற்காலிதான் இறங்கி வரணும். ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். தினமும் ராத்திரி கண்ணாடி வெச்சுப் பின்பக்கத் தோலைப் பாருங்க. சிவப்போ கருப்போ அழுத்தின தடம் அரை மணி நேரத்தில் மறையலைன்னா, மறையிற வரைக்கும் அந்தப் பக்கம் எடை கூடாது. டாக்டர்கிட்ட காட்டுங்க.

*

தம்பி இப்போ எங்க வார்டில் குப்புறப் படுத்திருக்கார். காய்ச்சல் இறங்கிடுச்சு. புண்ணைச் சுத்தம் செஞ்சிருக்கோம். தசை எடுத்து மூடுற ஆபரேஷனுக்கு மெடிக்கல் காலேஜுக்கு எழுதியிருக்கேன். முதுகு வளைவு எவ்வளவு நிமிரும்னு அங்கேதான் சொல்லணும். முழுசா நிமிராதுன்னுதான் நினைக்கிறேன். அதை அவர்கிட்டயும் சொன்னேன். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது என் கையெழுத்துன்னும் சொன்னேன். "விடுங்க மேடம்"னார். விடுறது அவ்வளவு சுலபமா இல்லை.

நேத்து கர்ப்பிணிகள் வார்டிலிருந்து இஞ்ச் டேப் வாங்கிட்டுப் போனேன். உட்கார வெச்சுத்தான் சரியா அளக்கணும், புண் ஆறுற வரைக்கும் உட்காரக் கூடாது. அதனால இப்போதைக்குத் தோராயமா. இடுப்பு அகலம் 36 சென்டிமீட்டர். அவர் ரெண்டு வருஷமா உட்கார்ந்திருந்த சீட் 46.

அம்மா பக்கத்தில் நின்னு, "என்ன டாக்டரம்மா, டெய்லர் மாதிரி அளக்குறீங்க?"ன்னாங்க.

தொடை, முழங்கால், அக்குள் உயரம்னு ஒவ்வொண்ணா கேஸ் ஷீட்டில் எழுதிக்கிட்டிருந்தேன். குப்புறப் படுத்தபடியே தம்பி கேட்டார், "மேடம், கலர் நான் சொல்லலாமா?"

நீலமாம். அதையும் எழுதிட்டேன்.